செட்டிநாட்டில் ஒரு சரிவுக் கதை எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சமூகம் சரிந்து விழும் காலத்தைப் பற்றிக் கதை எழுத நினைப்பவர்கள் உடனே சென்னைக்குப் போய்விடுகிறார்கள். அண்ணா சாலையில் கவிழ்ந்த பஸ், மெரினாவைத் தாண்டி உள்ளே வந்த கடல், முகமூடி அணிந்த ஆயுதப் படை. வேற்று நாட்டுத் திரைப்படங்களில் பார்த்ததைத் தெருப்பெயர் மாற்றி எழுதுகிறோம் என்பது எழுதுபவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். டிஸ்டோபியா என்று உலகம் அழைக்கும் இந்த வகைக் கதைக்கு நான் பரிந்துரைக்கும் களம் காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாடு. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் செம்மண் நிலம். பழைய கணக்கில் 96 ஊர்கள். தெருவுக்குத் தெரு மாளிகைகள். பல வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன.

இந்த ஊர்கள் ஒரு முறை சரிந்து பார்த்தவை. அந்தச் சரிவு கடலுக்கு அப்பால் நடந்தது. இங்கே வந்து சேர்ந்தபோது அது வராத கடிதமாகவும் பணமாகாத உண்டியல் சீட்டாகவும் இருந்தது. சாதாரண மனிதர்கள் பேரழிவை எப்படி அறிகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. எனவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு மாதிரிக் கதையை எடுத்துக்கொண்டு படிப்படியாகக் கட்டப் போகிறேன். கதையின் நடுவில் இருப்பவள், பூட்டிய வீடு ஒன்றைக் காவல் பார்த்துக் கூட்டிப் பெருக்கும் ஒரு பெண். அவளிடம் ஒரு சாவிக்கொத்து இருக்கிறது. கதைக்கு அவ்வளவு போதும்.

முதல் படி: எது நின்றது?

போர், நோய், வெள்ளம், கலவரம் எல்லாவற்றையும் ஒரே கதையில் கொட்டாதீர்கள். ஒன்றை மட்டும் நிறுத்துங்கள். பிறகு ஒரு தாளில் அதை எழுதி, கீழே மூன்று கேள்விகள்: இது நின்றால் எட்டு மணி நேரத்தில் எது நிற்கும்? எட்டு நாளில் எது நிற்கும்? எட்டு மாதத்தில் எது நிற்கும்?

மின்சாரத்தை நிறுத்திப் பார்ப்போம். எட்டு மணி நேரத்தில் செல்போன் கோபுரங்களின் பேட்டரி தீரும். டீசல் ஊற்ற ஆள் வந்தால் இன்னும் சில நாள் ஓடும். கடையில் கைப்பேசி வழியாகப் பணம் செலுத்தும் அட்டை வெறும் சதுரக் கோலமாகிவிடும். எட்டு நாளில் தண்ணீர். சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீர் நெடுந்தூரம் குழாய்களில் வருகிறது. வழி நெடுக அதைத் தள்ளுவது மின்மோட்டார்கள். ஊரில் உள்ள ஆழ்துளைக் கிணறுகளும் மோட்டாரையே நம்பியவை. மேல்நிலைத் தொட்டி ஒருமுறை காலியானால் காலிதான். எட்டு மாதத்தில் விதை, உப்பு, மாத்திரை, பள்ளிக்கூடம், சட்டம்.

இது வெறும் கற்பனை என்று நினைப்பவர்கள் 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலை நினைவுபடுத்திக்கொள்ளட்டும். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து பல நாள் இருட்டில் கிடந்தன. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டு வாசலில் கைப்பேசிக்கு மின்னேற்ற வரிசை நின்றது. அந்த வரிசையில் நின்றவர்கள் பேசியது, சண்டையிட்டது, சிரித்தது இவற்றை விசாரித்து எழுதினாலே உங்கள் நாவலின் முதல் மூன்று அத்தியாயங்கள் கிடைத்துவிடும்.

பணத்தை நிறுத்துவது இன்னும் நுட்பமானது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்றானபோது புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் ஏறக்குறைய 86 விழுக்காடு ஒரே அறிவிப்பில் போயிற்று. வானம் இடியவில்லை, மறுநாள் காலையில் பால்காரர் வந்தார். அந்தப் பால்காரரிடம் என்ன சொல்வது என்பதில்தான் கதை தொடங்குகிறது.

சரிவுக்குக் காரணம் என்ன என்பதை உங்கள் பாத்திரங்களுக்குத் தெரிந்த அளவுக்கு மேல் விளக்காதீர்கள். காவல்காரப் பெண்ணுக்கு உலக அரசியல் தெரியாது. "டெல்லியில் ஏதோ ஆகிவிட்டது" என்ற அளவில்தான் செய்தி வரும். அதுவும் புதுவயலிலிருந்து சைக்கிளில் வந்தவர் சொன்னது. இரண்டு பக்கத்துக்கு விஞ்ஞானி ஒருவரைப் பேசவிடும் அத்தியாயத்தை எழுதியிருந்தால், தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: நடந்து முடிந்த சரிவைப் படிப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் எழுதும் செட்டிநாடு, சுற்றுலாத் துறையின் வண்ணத் துண்டறிக்கைபோல் இருக்கும்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் பர்மா, மலேயா, இலங்கை, இந்தோசீனா என்று லேவாதேவிக்குப் போனார்கள். பையன் முதலில் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்குக் கற்றுக்கொள்வான். பிறகு அடுத்தாள், அதன்பின் மேலாள். வெளிநாட்டுக் கடைக்குப் போகும் ஏஜெண்டு வழக்கமாக மூன்று ஆண்டு இருந்துவிட்டுத் திரும்புவார். பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள். ஆக, பெரிய வீட்டில் ஆண் இல்லாத காலம் என்பது இந்த மண்ணுக்குப் புதிது இல்லை.

கீழ் பர்மாவின் நெல் வயல்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் இவர்கள். 1930இல் உலகப் பெருமந்தம் வந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கடைக்கு வந்தது. 1930இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய 6 விழுக்காடு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1930களின் இறுதியில் அது 25 விழுக்காடு. காகிதத்தில் இதைவிடப் பெரிய செல்வம் இருக்க முடியாது. கையில் காசு இல்லை. விற்க ஆள் இல்லை. நிலத்தை இழந்தவனின் வெறுப்பு மட்டும் வட்டி போட்டு வளர்ந்தது. எல்லாம் தம்மிடம் இருக்கும்போதே எல்லாம் போய்க்கொண்டிருக்கும் இந்த நிலையை உங்கள் கதையில் ஏதாவது ஒரு பாத்திரத்துக்குக் கொடுங்கள். கதையில் வருகிற பணக்காரர்களை எல்லாம் வில்லனாக்கும் சோம்பலிலிருந்து அது உங்களைக் காப்பாற்றும். கடன் வாங்கியவனின் பக்கத்தையும் மறக்காதீர்கள். பர்மிய விவசாயியின் கண்ணில், சரிவு 1930லேயே வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தவர் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்த நாட்டைவிட்டு வெளியேறினார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் அஸ்ஸாம் மலைகள் வழியாகவும் நடந்தார்கள். வழியில் இறந்தவர்கள் ஏராளம். பர்மாவின் சுதந்திரத்துக்குப் பின் நிலம் அரசுடைமையானது, 1963இல் வங்கிகள், 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் தாள்கள் செல்லாதவை ஆயின. அதன் பின் கப்பல் கப்பலாகத் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பர்மா காலனிகள் எழுந்தன. சென்னையின் பர்மா பஜாரும் அவர்கள் கதைதான்.

இவற்றைக் கதையில் வரலாற்றுப் பாடமாக வைக்க வேண்டாம். ஓர் உத்தியாக வையுங்கள். உங்கள் எதிர்காலச் சரிவு நடக்கும் அதே வீட்டின் மேல்மாடி அலமாரியில் 1942ஆம் ஆண்டுப் பேரேடு ஒன்று இருக்கட்டும். வரவு வைக்கப்படாத தொகைகள், பாதியில் நின்ற பக்கம். காவல்காரப் பெண்ணுக்குத் தமிழ் எண்களைப் படிக்க வராது. அவளுக்குத் தெரிந்தது, எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு நாள் எழுதுவதை நிறுத்திவிட்டார் என்பது மட்டுமே.

இன்னொரு தகவலும் பயன்படும். 1906 அக்டோபரில் சென்னையின் ஆர்பத்நாட் நிறுவனம் திவாலாகி, சேமிப்பை எல்லாம் அதில் போட்டிருந்த ஏராளமானோர் தெருவுக்கு வந்தார்கள். மறு ஆண்டே, 1907இல், இந்தியன் வங்கி தொடங்கியது. அதில் நகரத்தார் பங்கு பெரிது. 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. ஐந்தே ஆண்டில் அந்த மூன்றில் ஒன்று வேறொரு படையின் கையில். சரிந்தவுடன் மக்கள் செய்யும் முதல் வேலை காட்டுமிராண்டியாவது என்று பல கதைகள் சொல்கின்றன. இங்கே அவர்கள் அடுத்த வங்கியைத் தொடங்கினார்கள்.

மூன்றாம் படி: வீட்டை ஒரு பாத்திரமாக்குவது

வீட்டை வர்ணிக்க வேண்டாம், வேலை வாங்குங்கள். முகப்பு, திண்ணை, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு அது. முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். காவலுக்கு இது நல்லதா கெட்டதா? யோசியுங்கள். இரு தெருவிலும் வாசல் உள்ள வீட்டில் தப்பிக்கலாம். இரு பக்கமும் காக்கவும் வேண்டும்.

தரை உயரமாக எழுப்பப்பட்டிருக்கும். முன்னோர் வாழ்ந்த காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட நினைவால்தான் இப்படி என்று வழிவழியாகச் சொல்வார்கள். கூரை ஓடுகள் வளவு முற்றத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் மழை பெய்தால் நீர் முழுவதும் நடுவில் கொட்டும். மூலைகளில் அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடிப்பார்கள். குழாய்த் தண்ணீர் நின்ற ஊரில் இந்த முற்றம்தான் ஆட்சி பீடம்.

வளவைச் சுற்றியுள்ள அறைகள், திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. திருமணத்துக்குப் பிறகு மகனையும் மருமகளையும் "வேறு வைப்பார்கள்": ஒரே கூரையின் கீழ் தனி அடுப்பு, தனிச் செலவு. குடும்பக் கணக்கும் கோயில் வரியும் புள்ளிக் கணக்கில்தான், அதாவது திருமணமான தம்பதிக்கு ஒரு புள்ளி. நெருக்கடியில் பங்கீடு எப்படி நடக்கும் என்று மூளையைக் கசக்க வேண்டாம். இந்த வீட்டுக்குள் அது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது, அந்த அறைகளில் உறவில்லாத பத்துக் குடும்பங்களைக் குடியேற்றுவதுதான். தனி அடுப்பு மூட்டுவார்களா, பொதுவில் உலை வைப்பார்களா? மூன்றாம் அறைக்காரி மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ வறுக்கிறாள். வாசனை வளவெங்கும் பரவுகிறது. இந்த ஒரு காட்சியில் துப்பாக்கி இல்லாமலேயே போர் தொடங்கிவிடும்.

பெரும்பாலான வீடுகளுக்கு உரிமையாளர் ஒருவர் கிடையாது. மூன்று நான்கு தலைமுறைப் பங்காளிகள், சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும். திருமணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்றால் கூடுவார்கள். மற்ற நாளில் சாவி ஊரில் ஒருவரிடம். உரிமை எல்லோருக்கும், வீடு சாவி வைத்திருப்பவளுக்கு. போன் வேலை செய்யாத நாளில் அவள் யாரைக் கேட்டுக் கதவைத் திறப்பாள்?

எரிக்கும் காட்சி ஒன்றை எல்லோரும் எழுத ஆசைப்படுகிறார்கள்: பர்மாத் தேக்குத் தூணை வெட்டி அடுப்பெரிப்பது. ஆசை புரிகிறது, அழகான கொடுமை அது. ஆனால் செட்டிநாட்டில் விறகுக்குப் பஞ்சமே வராது. எல்லோரும் சபிக்கும் சீமைக் கருவேலம் கண்மாய்க்குக் கண்மாய் மண்டிக் கிடக்கிறது. அதை வெட்டிக் கரி மூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. ஆகவே தூண் எரிந்தால் அது குளிருக்கோ பசிக்கோ எரிந்தது ஆகாது. யாரோ ஒருவருடைய கோபத்தில் எரிந்தது. அந்தக் கோபம் யாருடையது, எத்தனை தலைமுறைப் பழையது என்று தெரிந்த பிறகு அந்தக் காட்சியை எழுதுங்கள்.

நான்காம் படி: ஆட்கள்

ஐந்து பேருக்கு மேல் முக்கியப் பாத்திரம் வேண்டாம். எங்கள் மாதிரிக் கதையில் இவர்கள்: காவல்காரப் பெண், ஊரைவிட்டுப் போக மறுத்த ஓர் ஆச்சி, ஆத்தங்குடியில் பூங்கல் என்னும் வண்ணத் தரைக்கல் போடும் தொழிலாளி, குடிநீர்த் தொட்டியின் பம்ப் ஆபரேட்டர், சித்தப்பா வீட்டு விசேஷத்துக்கு வந்து பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்ட கல்லூரி மாணவன்.

ஆச்சிக்கு இன்சுலின் தேவை. பிரிக்காத மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால்தான் நாள்பட இருக்கும். வெளியே எடுத்தால் ஏறக்குறைய நான்கு வாரம், சித்திரை வெயிலில் அதுவும் குறையும். ஈர மணலுக்கு நடுவே மண்பானைக்குள் பானை வைத்துக் கொஞ்சம் குளிர்ச்சி பிடிக்கலாம். உங்கள் கதைக்கு இதைவிடக் கறாரான கடிகாரம் கிடைக்காது.

பூங்கல் தொழிலாளி கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, கல்லை எடுப்பவர். மணல் அருகிலேயே இருக்கிறது, சிமெண்டு வராது. தொழில் நின்ற கை என்ன செய்யும்? பழைய சுண்ணாம்புக் காரைக்குத் திரும்புமா? கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த காரை இந்த வீடுகளின் சுவரில் இன்னும் பளபளக்கிறது. முட்டையைச் சுவருக்குக் கொடுப்பதா, குழந்தைக்குக் கொடுப்பதா என்ற இடத்தில் அந்தத் திரும்புதல் முடிந்துபோகும்.

விளிப்பில் கவனம் தேவை. அப்பாவின் அம்மா அப்பத்தா, அம்மாவின் அம்மா ஆயா, அண்ணன் மனைவி அண்ணமிண்டி, அப்பா என்பவர் அப்பச்சி. இவை நகரத்தார் வீட்டுச் சொற்கள். காவல்காரப் பெண் ஆச்சியை "ஆச்சி" என்பாள், மற்றவற்றைத் தொடமாட்டாள். சரிவின் எந்த மாதத்தில் ஆச்சி அவளை முதல் முறையாகத் தன் பக்கத்தில் உட்காரச் சொல்கிறாள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதிரி:

"சாவியை எடுத்துக்கொண்டு எங்கே போகிறாய்?"

"மேல வீட்டுக் கதவைத் திறக்கப் போகிறேன் ஆச்சி. பிள்ளைகள் திண்ணையில் நனைகிறார்கள்."

"அது என் வீடு இல்லை. எனக்கு நாற்பதில் ஒரு பங்கு."

"மற்ற முப்பத்தொன்பது பேரும் வந்தால் சாத்திவிடுகிறேன் ஆச்சி."

அவள் மரியாதையை விடவில்லை. அனுமதியும் கேட்கவில்லை. சரிவுக் கதையில் அதிகாரம் கைமாறுவதை இந்த அளவுக்கு மேல் உரக்கச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: தண்ணீரை வைத்துக் காலண்டர் போடுவது

செட்டிநாட்டில் பெரிய ஆறு இல்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவத்தில். பாசனத்துக்குக் கண்மாய், குடிக்க ஊருணி. ஊருணிக்கு வரத்துக் கால்வாய் வேண்டும். அது தூர்ந்தால் ஊருணி வெறும் குழி. முன்பு குடிமராமத்தில் ஊர் கூடித் தூர் வாரியது. மடையைத் திறந்து மூடி யார் வயலுக்கு எவ்வளவு என்று பார்த்தவர் நீர்பாய்ச்சி. நிறைந்த நீர் வழிய கலுங்கு. இந்தச் சொற்களையும் வேலைகளையும் தெரியாமல் எழுதினால், பாத்திரங்கள் தாகத்தால் சாவதற்குள் கதை செத்துவிடும்.

ஆகவே சரிவு எந்த மாதத்தில் தொடங்குகிறது என்பது மிக முக்கியமான முடிவு. தை மாதத்தில் தொடங்கினால் ஊருணியில் நீர் இருக்கும். மக்களுக்கு யோசிக்க அவகாசம் கிடைக்கும். கதை அரசியல் கதையாகும். வைகாசியில் தொடங்கினால் அவகாசம் இல்லை. அது ஓட்டத்தின் கதையாகும். எனக்கு முதலாவதே பிடிக்கும். தண்ணீர் கண்ணெதிரே குறையக் குறைய ஊர்க் கூட்டத்தின் பேச்சு மாறுவதை ஆறு மாதம் எழுதலாம். படிக்கட்டில் எத்தனை படி வெளியே தெரிகிறது என்பதை அத்தியாயத் தலைப்பாகவே வைக்கலாம்.

கலங்கல் நீரைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டை உண்டு. பானையின் உட்புறத்தில் உரசி வைத்தால் மண் அடியில் படியும். கிருமி சாகாது, அதற்குக் காய்ச்ச வேண்டும். இதை எந்த வீட்டில் யாருக்குத் தெரியும் என்று வைப்பதும் ஆசிரியர் முடிவு. பழைய அறிவு முழுவதையும் கிழவிகளின் தலையில் கட்டிவிடும் வழக்கம் அலுத்துவிட்டது. மாணவனுக்குத் தெரியட்டும், ஆச்சிக்கு மறந்துபோயிருக்கட்டும்.

ஊருணியில் யார் இறங்கலாம், யார் கரையில் நின்று காத்திருக்க வேண்டும் என்ற வரலாற்றை ஒதுக்கிவிட்டு எழுதாதீர்கள். தேவகோட்டைக்கு அருகே கண்டதேவித் தேரின் வடத்தை யார் பிடிப்பது என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை போய், தேர் பல ஆண்டுகள் ஓடாமல் நின்றது. நீதிமன்றமும் காவல் துறையும் இருந்த காலத்திலேயே இப்படி. அவை இரண்டும் இல்லாத நாளில் ஊருணிக் கரையில் என்ன நடக்கும் என்பதே இந்தக் கதையின் ஆகக் கடினமான அத்தியாயம். "பேரிடர் எல்லோரையும் சமமாக்கியது" என்று எழுதக் கை வரும். அந்தக் கையைக் கட்டிப் போடுங்கள்.

ஆறாம் படி: புதிய கணக்கு

பணம் செல்லாத ஊரில் எது பணம்? உப்பு, தீப்பெட்டி, மாத்திரை, விதை, சைக்கிள் டியூப். நாணயம் இல்லாவிட்டாலும் கணக்கு இருக்கும்; இந்த மண்ணில் அதைக் கட்டாயம் எதிர்பார்க்கலாம். மொய் எழுதும் பழக்கம் ஊரில் எல்லாச் சாதியிலும் உண்டு. யார் எவ்வளவு வைத்தார், திருப்பி எவ்வளவு வைக்க வேண்டும் என்று நோட்டில் இருக்கும். நகரத்தார் திருமணத்தில் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தத்தை இன்றும் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள்.

காவல்காரப் பெண் பள்ளி நோட்டில் பற்று வரவு எழுதத் தொடங்கட்டும். மேல வீட்டு மூன்றாம் அறை, உப்பு ஒரு படி, பற்று. தொட்டிக்காரர் கயிறு இரண்டு பாகம், வரவு. நாவலின் சில பக்கங்களை இப்படியே கணக்காக வைத்துப் பாருங்கள். எவருடைய பெயர் அந்த நோட்டிலிருந்து திடீரென்று காணாமல் போகிறது என்பதைக் கவனிக்கும் வாசகர், மரணச் செய்தியை நீங்கள் சொல்லாமலேயே படித்துவிடுவார். வருட முடிவில் ஐந்தொகை, அதாவது மொத்தக் கணக்கு, போட வேண்டும். வராக் கடனை அவள் தள்ளுபடி செய்கிறாளா, குழந்தைகள் பெயரில் ஏற்றுகிறாளா? அவள் அதிகாரத்தால் கெட்டுப்போகிறாளா என்பதற்கான விடை அந்த ஒரு வரியில் இருக்கும். வட்டி போடத் தொடங்கினாள் என்றால் பர்மாவின் பேரேட்டுக்கு நாம் திரும்பி வந்துவிட்டோம்.

உப்புக்குத் தொண்டிக் கடற்கரைப் பக்கம் போக வேண்டும். தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகச் சுமையோடு இரண்டு நாள் நடை என்று வைத்துக்கொள்ளலாம். வெளியுலகத்தைக் காட்ட நாவலுக்கு ஒரு பயணம் தேவைப்பட்டால் இதுவே போதும். சென்னைக்கு யாரையும் நடத்த வேண்டாம்.

ஏழாம் படி: அடுப்படி

செட்டிநாட்டுச் சமையல் என்று நாம் கொண்டாடும் வாசனையில் பாதி வெளியூர்ச் சரக்கு. அன்னாசிப்பூ சீனா, வியட்நாம் பக்கத்துக் காய். பட்டை, கிராம்பு, கல்பாசி எதுவும் இந்தச் செம்மண்ணில் விளையாது. கவுனி அரிசியே பர்மா வழி வந்தது என்பார்கள். கடல் வணிகம் செய்தவர்களின் சமையல் அது. எனவே சரிவின் முதல் இழப்புகளில் ஒன்று மசாலா. கேழ்வரகு, வரகு, புளி, வத்தல் என்று சுருங்கும். மழை இல்லாத ஊருக்கு வெயில் செய்த உதவி வத்தலும் உப்புக்கண்டமும். உப்பு இருக்கும் வரை அவை நடக்கும்.

உணவைப் பற்றி இவ்வளவு போதும். பலகாரப் பட்டியல் போடும் ஆசை வந்தால் பிள்ளையார் நோன்பு இழையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாவில் திரி ஏற்றி எரியும் இழையை எடுத்து அப்படியே வாயில் போடும் அந்தச் சடங்கு, நெய்யும் வெல்லமும் இல்லாத ஆண்டில் எப்படி நடந்தது என்று ஒரு பத்தி எழுதலாம்.

எட்டாம் படி: மிச்சம் இருக்கும் அறிவு

சரிவுக் கதைகளில் நம்பிக்கை பெரும்பாலும் ஒரு குழந்தையின் உருவத்திலோ முளைவிட்ட விதையின் உருவத்திலோ வருகிறது. உங்களுக்கு அவை வேண்டாம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று திறந்தார்கள். பேட்டரி, அரிப்பு, உப்புக் கரைசல் ஆகியவை அங்கே ஆய்வுப் பொருள்கள். மின்சாரம் நின்ற உலகில், வானம் பார்த்த பூமியின் நடுவில், பேட்டரி செய்யத் தெரிந்தவர்கள் வாழும் ஒரு வளாகம்! நானாக இருந்தால் இதைக் கற்பனை செய்ய வெட்கப்பட்டிருப்பேன். ஆனால் அது அங்கே உண்மையாகவே நிற்கிறது. அவர்கள் யாருக்கு வேலை செய்வார்கள், வளாகத்தின் மதில் எந்த மாதத்தில் உயரும் என்று எழுதிப் பாருங்கள். நாவலின் இரண்டாம் பாகம் அங்கே இருக்கிறது.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். தமிழ் நூல்கள், இதழ்கள், துண்டறிக்கைகள், நாடக நோட்டீஸ்கள், திருமண அழைப்பிதழ்கள் எனக் கிடைத்ததை எல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக அமைந்தது. உங்கள் பாத்திரங்களில் ஒருவர் இப்படிக் காகிதம் சேர்ப்பவராக இருக்கலாம். காகிதம் அடுப்புப் பற்ற வைக்கவும் உதவும் என்பதால் அவருக்கு எதிரிகள் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இப்போது விற்கும் கதவுகளும் எனாமல் பாத்திரங்களும்கூட அப்போது வேறு விலை பெறும். அலங்காரத்துக்கு வாங்கிய எனாமல் தூக்குச்சட்டியில் திரும்பவும் கஞ்சி போகும்.

ஒன்பதாம் படி: திருத்துதல்

முதல் வரைவு முடிந்ததும் மூன்று முறை படியுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்வியோடு. முதல் முறை தண்ணீர்: ஒவ்வொரு காட்சியிலும் இவர்கள் குடித்த நீர் எங்கிருந்து வந்தது? விடை இல்லாத காட்சி போலி. இரண்டாம் முறை பயம்: எல்லோரும் எப்போதும் பயந்துகொண்டிருந்தால் பயம் இருக்காது. 2020 ஊரடங்கில் மக்கள் பயந்தார்கள், தாயம் ஆடினார்கள், ஊறுகாய் போட்டார்கள், பங்காளிச் சண்டையை மறக்காமல் தொடர்ந்தார்கள். அந்த அளவில் சிரிப்பும் சலிப்பும் உங்கள் பக்கங்களில் இருக்கின்றனவா? மூன்றாம் முறை வர்ணனை: ஆயிரம் ஜன்னல், பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலிய சலவைக்கல் வரும் வரிகளைக் கண்டால், அவற்றை யார் துடைக்கிறார்கள் என்று சேர்த்து எழுதுங்கள், முடியாவிட்டால் வரியை நீக்குங்கள்.

முடிவில் பங்காளி ஒருவர் திரும்பி வர வேண்டும் என்பது என் கருத்து. சிங்கப்பூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ நடந்தும் படகிலும் வந்த ஒருவர், பத்திரத்தின் நகலோடு. அவரை நல்லவராகவே எழுதுங்கள். களைத்தவர், அப்பத்தாவைத் தேடி வந்தவர், நியாயமாகவே வீடு அவருடையதும்கூட. காவல்காரப் பெண் தன் கணக்கு நோட்டைத் திறந்து அவருக்கு ஒரு பக்கம் போடுகிறாளா, சாவியை நீட்டுகிறாளா, உள்ளே வரச் சொல்லி முதலில் தண்ணீர் கொடுக்கிறாளா? மூன்றில் எதை எழுதினாலும் அதற்கான காரணம் ஆறாம் படியின் நோட்டில் முன்பே இருந்தாக வேண்டும்.

அச்சுக்கு அனுப்புமுன் கையெழுத்துப் பிரதியை இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் செட்டிநாட்டு வீட்டில் வாழ்ந்த ஆச்சி. விளிப்பும் அடுப்படியும் அவர் பார்ப்பார். மற்றவர் ஊராட்சிக் குடிநீர்த் தொட்டியை இயக்குபவர். மோட்டார் இப்படி நிற்காது, வால்வு இந்தப் பக்கம் திரும்பாது என்று அவர் சொன்னால் வாதாடாமல் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதுங்கள்.